நாலேகால் கிரிவலம்

‘மிதம்’ என்ற சொல்லை நான் வெகுநாள் நம்பியிருந்தேன். டாக்டர் “மிதமாகச் சாப்பிடுங்கள்” என்றால் மூன்று இட்லியோடு எழுந்துவிடுவேன். ரேடியோவில் “மிதமான மழை” என்றால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். நியூசிலாந்துக்காரர்கள் ஒரு மலைப்பாதையை மிதமானது என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது எனக்கு 59ஆவது வயதில்தான் தெரிந்தது. தெரிந்துகொள்ள நாலு நாளும் 60 கிலோமீட்டரும் ஆயின.

மகளும் மாப்பிள்ளையும் டனீடினில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் மூன்று மாதம் தங்கிவரப் போயிருந்தோம். போன இரண்டாம் வாரமே, சாப்பாட்டு மேசையில் நான் வாயை விட்டேன். “வருஷத்துக்கு ஆறு பௌர்ணமியாவது கிரிவலம் போறவன் நான். நடக்கிறதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்ல.”

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. பெரியவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடுவார். மறுநாள் மாலை மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார்.

“மாமா, கெப்ளர் ட்ராக் போலாமா? இதுவும் கிரிவலம் மாதிரிதான். ஆரம்பிச்ச எடத்துக்கே திரும்ப வந்துடும். ஏரி, மலை, காடு எல்லாம் உண்டு. இன்டர்மீடியட்னு போட்டிருக்காங்க. மிதம்தான்.”

“எத்தனை கிலோமீட்டர்?”

“அறுபது.”

வங்கியில் 34 வருஷம் குப்பை கொட்டியவன். வகுத்தல் தானாக வந்துவிடும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். அறுபதைப் பதினாலால் வகுத்தால் நாலேகாலும் கொஞ்சம் கொசுறும். நாலு நாள் நடை என்றால் நாளுக்கு ஒரு கிரிவலம். “இவ்வளவுதானே மாப்பிள்ளை!” என்றேன். கணக்கு சரிதான். அந்தக் கணக்கில் மலையின் உயரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்காமல் விட்டதுதான் பிழை.

வழியில் தங்கும் குடில்களுக்கு முன்பதிவு வேண்டும். அது நம் தட்கல் மாதிரி. திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். ஜனவரி மாதத்துக்கு இடமே இல்லை. யாரோ நாலு பேர் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். அது எங்களுக்குக் கிடைத்தது. அந்த நாலு பேரும் அதே பாதையில் முன்பு ஒரு தடவை நடந்தவர்களாக இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். அந்நாட்டில் குடியிருக்கும் மகளும் மாப்பிள்ளையும் குறைந்த காசுக்குக் கஷ்டப்பட்டார்கள். நாங்கள் கூடுதல் காசு கொடுத்து அதே கஷ்டத்தைப் பட்டோம்.

மனைவி முதலில் வருவதாக இல்லை. மாப்பிள்ளை சொன்ன ஒரு சொல்தான் அவள் மனதை மாற்றியது.

“வழியெல்லாம் பீச் காடு அத்தை.”

“பீச்சா? அப்ப நானும் வரேன்.”

மூட்டை கட்டும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மணலில் விரிக்க ஒரு ஜமுக்காளம், அலையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள இரண்டு செட் சுடிதார், மாங்காய்ப் பத்தைக்குத் தூவ உப்பும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வைத்திருந்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, அது பீச் இல்லம்மா. பீச்!”

“அதைத்தானேடி நானும் சொல்றேன்.”

தமிழில் எழுதினாலும் படித்தாலும் கடற்கரையும் அந்த மரமும் ஒன்றேதான். கைப்பேசியில் மரத்தின் படத்தைக் காட்டிய பிறகு மனைவி ஒரு நிமிஷம் பேசவில்லை. ஆனால் மூட்டை கட்டியாகிவிட்டது. கட்டிய மூட்டையைப் பிரிப்பது அவள் வழக்கத்தில் இல்லை. ஜமுக்காளமும் மிளகாய்ப் பொடியும் என் முதுகுப்பையில் ஏறின.

டனீடினிலிருந்து தே ஆனாவ் ஊருக்குக் காரில் ஏறக்குறைய நாலு மணி நேரம். அந்த ஊர் உட்கார்ந்திருக்கும் கரையில் அதே பெயரில் ஓர் ஏரி. தென்தீவிலேயே பெரியது, 344 சதுர கிலோமீட்டர் பரப்பு, 417 மீட்டர் ஆழம். ஏரியிலிருந்து வையாவ் ஆற்றுக்கு இறங்கும் தண்ணீரை அளந்துவிடும் மதகு ஒன்று இருக்கிறது. பாதை தொடங்குவதும் முடிவதும் அந்த மதகில்தான். பக்கத்து மில்ஃபோர்ட், ரூட்பர்ன் பாதைகளில் கூட்டம் தாங்காமல், பாரத்தைக் குறைக்க 1988இல் இதைத் திறந்தார்களாம். திருவண்ணாமலையில் கூட்டம் தாங்கவில்லை என்று இன்னொரு மலையைத் திறந்த மாதிரி.

மதகருகே காரை நிறுத்திவிட்டுப் பைகளை மாட்டினோம். என் பை பதினொரு கிலோ. அதில் இரண்டு கிலோ பீச் சாமான். மாப்பிள்ளை ஏரிக்கரைப் பக்கமாகக் கைகாட்டி நடக்க, மனைவி நின்றுவிட்டாள்.

“வரைபடத்தைக் குடுங்க மாப்பிள்ளை. இப்படிப் போனா இடமால்ல சுத்துறோம்? மலையை யாராவது அப்பிரதட்சிணமா சுத்துவாங்களா?”

நியாயமான கேள்வி. பெரும்பாலோர் இந்தப் பாதையைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் நடக்கிறார்கள். ஏற்றத்தை முதல் நாளே முடித்துவிடலாம் என்பது காரணம். மாப்பிள்ளை இரண்டு நொடி யோசித்தார்.

“அத்தை, நம்ம ஊர்ல சூரியன் பெரும்பாலும் தெற்குப் பக்கமா வளைஞ்சு போகும். அது வலம். இங்க வடக்குப் பக்கமா வளைஞ்சு போகுது. அதனால இங்க சூரியனே இடமாத்தான் சுத்துது. சூரியன் சுத்துற பக்கம்தான் நாமளும் சுத்துறோம்.”

மனைவி அண்ணாந்து பார்த்தாள். விரலால் வானத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். “சரிதான்” என்று நடக்க ஆரம்பித்தாள். பெண்ணைக் கொடுத்தது நல்ல இடத்தில்தான் என்று அப்போதுதான் எனக்கு முழுத் திருப்தி வந்தது.

முதல் ஐந்தரை கிலோமீட்டர் ஏரிக்கரையோரம் சமதரை. இருபுறமும் அந்தப் பீச் மரங்கள். பெரிய மரம், குட்டி இலை. கறிவேப்பிலையில் பாதிகூட வராது. தண்டெல்லாம் பாசி. காலுக்குக் கீழே உதிர்ந்த இலையும் பாசியும் சேர்ந்து மெத்தையாகக் கிடந்தன. இத்தனை பெரிய காட்டில் ஓசையே இல்லை. எனக்கு அது பழக்கமில்லாததால் கையிலிருந்த கோலால் தரையைத் தட்டிக்கொண்டே போனேன்.

“எதுக்கு மாமா தட்றீங்க?”

“பாம்பு.”

“இந்த ஊர்க் காட்டுல பாம்பே கிடையாது மாமா.”

எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஏற்றம் கடுமையானால் “பாம்பு இருக்கும் போலிருக்கு, திரும்பிடலாம்” என்று சொல்ல ஒரு வழி வைத்திருந்தேன். அது அடைபட்டது. கரடி, சிறுத்தை? அவையும் இல்லை. வௌவாலை விட்டால் தரையில் சொந்தமாக ஒரு பாலூட்டிகூட இல்லாமல் இருந்த நாடு இது. பறவைகள் பயமில்லாமல் தரையில் நடந்து, பல பறக்கவே மறந்துபோயின. அப்புறம் கப்பலில் எலி வந்தது. வெள்ளைக்காரர்கள் முயலைக் கொண்டுவந்தார்கள். முயல் பெருகியதும் அதைப் பிடிக்க 1880களில் ஸ்டோட் என்ற, நம் கீரியைப் போன்ற பிராணியை இறக்கினார்கள். அது ஓடும் முயலைத் துரத்துவானேன் என்று நடக்கும் பறவையைத் தின்றது. கடனை அடைக்கக் கடன் வாங்கிய எத்தனையோ பேரை வங்கியில் பார்த்தவன் நான்; கதை புரிந்தது.

இப்போது வழிநெடுக மரப்பெட்டிப் பொறிகள். உள்ளே இரையாக ஒரு முட்டை. 2050க்குள் எலி, ஸ்டோட், பாஸம் என்ற இன்னொரு பிராணி எல்லாவற்றையும் நாட்டிலிருந்தே ஒழிப்பது என்று அரசாங்கமே இலக்கு வைத்திருக்கிறது. மனைவி ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கழிப்புக் கழிச்சு முட்டையை வச்சிருக்காங்க, தாண்டாதீங்க” என்று எங்களைச் சுற்றிப் போகச் சொன்னாள்.

நிற்கும்போதெல்லாம் ஒரு சாம்பல் நிறக் குருவி என் பூட்ஸ் அருகே வந்து நின்றது. தென்தீவு ராபின். நம் கால் கிளறிய இலைக்கடியில் பூச்சி கிடைக்கும் என்று வருகிறதாம். நான் அடிக்கடி நின்றதால் அதற்கு அன்று நல்ல சாப்பாடு.

நான் நின்றதை மறைக்க, மரத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அது தப்பாகப் போயிற்று. “உண்மையில இது அசல் பீச்சே இல்ல மாமா” என்றார். ஐரோப்பாவின் பீச் மரம் வேறு. குடியேறியவர்கள் இதைப் பார்த்ததும் ஊர் ஞாபகத்தில் பீச் என்றார்கள். 1850இல் ப்ளூமே என்ற தாவரவியலாளர் வைத்த நாத்தோஃபேகஸ் என்ற பெயருக்கே ‘பொய்ப் பீச்’ என்றுதான் பொருள். இதன் உறவுகள் தென்னமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கின்றன. எல்லாம் ஒரே கண்டமாக ஒட்டிக்கிடந்த கோண்டுவானா காலத்துச் சொத்து. அந்தப் பெயரோ நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலத்திலிருந்து எடுத்தது. பாகப்பிரிவினையில் பட்டாவில் பேர் நமக்கு, தோப்பு இவர்களுக்கு.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தப் பீச்சும் இல்ல, இந்தப் பீச்சும் இல்ல. அப்ப எதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?” என்றாள். மூன்று பேரிடமும் பதில் இல்லை.

பிராட் பே என்ற இடத்தில் சமதரை முடிந்தது. அங்கே ஒரு படகு வந்து நின்றது. ஊரிலிருந்து சிலர் அதிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் நடந்து வந்த இடத்துக்குப் படகும் வரும் என்பதை மாப்பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார்.

அதன் பிறகு லக்ஸ்மோர் குடில்வரை எட்டு கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஏற்றம். குடில் 1,085 மீட்டர் உயரத்தில். ஏரியோ 200 மீட்டரைச் சற்றுத் தாண்டிய மட்டத்தில். நடுவிலுள்ளதை என் முழங்கால்தான் கட்ட வேண்டும். கிரிவலத்தில் நாம் மலையைச் சுற்றித்தான் வருவோம். மலை தன் பாட்டுக்கு நடுவில் நிற்கும். இங்கே மலை பாதைக்கு நடுவில் வந்து நின்றது. திருவண்ணாமலையில் பத்தடிக்கு ஒரு டீக்கடை, சுக்குக் காப்பி, மோர், அன்னதானம், போதாதென்று எட்டு லிங்கம். எங்கு வேண்டுமானாலும் பக்தியோடு உட்காரலாம். இங்கே உட்கார்ந்தால் சோர்வு என்றுதான் பெயர்.

வழிப்பலகைகள் தூரத்தைவிட நேரத்தைத்தான் பெரிதாகப் பேசின. இன்ன இடத்துக்கு இத்தனை மணி. யார் காலை வைத்து அளந்தார்கள் என்று போடவில்லை. அரை மணி நடந்தும் பாக்கி குறையாத அந்தக் கணக்கைப் பார்த்தபோது, மாறும் வட்டியில் வீட்டுக்கடன் கொடுத்து அனுப்பிய வாடிக்கையாளர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

சுண்ணாம்புப் பாறைச் சுவர்களைத் தாண்டி, மரப்படிகளில் ஏறி, இனி முடியாது என்ற இடத்தில் காடு சட்டென்று நின்றது. நாவிதர் கத்தி வைத்த மாதிரி ஒரே நேர்க்கோடு. அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் பொன்னிறப் புல். கீழே ஏரி முழுவதும் தெரிந்தது. எதிரே மர்ச்சிசன் மலைகள். தகாஹே என்ற பறக்காத பறவை 1898க்குப் பிறகு அழிந்தே போயிற்று என்று எல்லோரும் முடிவுகட்டியிருக்க, ஜெஃப்ரி ஆர்பெல் என்ற டாக்டர் 1948இல் அதை உயிரோடு கண்டுபிடித்தது அந்த மலையில்தான். ஐம்பது வருஷம் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவைத்த பிறகு, வாடிக்கையாளரே பாஸ்புக்கோடு கவுண்டரில் வந்து நின்றால் எப்படி இருக்கும்! நான் அதை நினைத்துச் சிரிக்க, உயரத்தில் புத்தி தடுமாறுகிறதோ என்று மகள் பயந்து தண்ணீர் கொடுத்தாள்.

இந்த மலைகளுக்குக் கோள்களின் பாதையைக் கணித்த யோகான்னஸ் கெப்ளரின் பெயரை வைத்தவர் ஜேம்ஸ் மெக்கெரோ என்ற நில அளவையாளர். கெப்ளர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் அவர் விதி இங்கே பலித்தது. கோள் சூரியனை நெருங்க நெருங்க வேகம் கூடும் என்றார். குடிலின் கூரை தெரிந்ததும் எனக்கும் கூடியது.

குடிலில் ஐம்பதுக்கு மேல் படுக்கைகள். சமைக்க எரிவாயு அடுப்பு உண்டு, பாத்திரம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். சுற்றிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் உலர்ந்த உணவுப் பொட்டலத்தில் வெந்நீரை ஊற்றி, மூடி, கடிகாரம் பார்த்துக் காத்திருந்தார்கள். “பாவம், வீட்டுல யாரும் இல்ல போலிருக்கு” என்றாள் மனைவி. அவள் புளிக்காய்ச்சல் புட்டியைத் திறந்ததும் பெருங்காய வாசனை கூடத்தில் பரவியது. பொட்டலக்காரர்களின் மூக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அரை மணியில் நாலு நாட்டுக்காரர்கள் கரண்டியோடு வந்துவிட்டார்கள். நாலு நாளைக்கு என்று அளந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல் இரண்டு நாளில் தீர்ந்ததற்கு அதுதான் காரணம். நான் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதல்ல.

இரவு குடில் காவலர் வந்து பேசினார். நெருப்பு, வானிலை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக முக்கியமான செய்தி: பூட்ஸை வெளியே விடாதீர்கள், கியா வரும். கியா என்பது அங்குள்ள மலைக்கிளி. பச்சை உடம்பு, வளைந்த மூக்கு, கைதேர்ந்த திருட்டு. கார் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரையே உரித்துவிடுமாம். 2017இல் அந்நாட்டு மக்கள் அதை ஆண்டின் சிறந்த பறவையாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கும் அப்படித்தான்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “செருப்பை யாராவது படுக்கிற எடத்துக்குள்ள வைப்பாங்களா? கருமம்.” என் பூட்ஸை மட்டும் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தாள். காலையில் இடதுகால் பூட்ஸின் கயிறு இல்லை. உள்ளே போடும் அட்டையும் இல்லை. நாக்கு கிழிந்து தொங்கியது. இருபதடி தள்ளி ஒரு பாறைமேல் இரண்டு கியாக்கள் உட்கார்ந்து, அட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

“கோயில்ல செருப்பு தொலைஞ்சா பீடை போச்சும்பாங்க. அப்படி நெனச்சுக்கோங்க” என்றாள்.

மாப்பிள்ளை தன் பையிலிருந்த நைலான் கயிற்றை அறுத்துக் கட்டிக் கொடுத்தார். அட்டைக்குப் பதில் அவர் வைத்த காலுறை எட்டு கிலோமீட்டர்வரை தாங்கியது.

அன்று காலை இன்னொன்றையும் கவனித்தேன். எங்களோடு படுத்த பதினைந்து பேரும் கண் சிவந்திருந்தார்கள். என்னைப் பார்த்தால் மரியாதையாக விலகிப் போனார்கள். அடுத்த குடிலில் ஒவ்வொருவரும் முதலில் என் பை எந்த அறையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, எதிர் அறைக்குப் போய் இடம் பிடித்தார்கள். குறட்டையால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஆதாயம், மூச்சுமுட்டும் குடிலில் காலியான அறை.

இரண்டாம் நாள் பதினாலரை கிலோமீட்டர், பாதி நேரம் மலையின் முதுகெலும்பு மேலேயே. இருபுறமும் சரிவு, நடுவில் நாம், எங்கிருந்தோ காற்று. மனைவியின் துப்பட்டா எங்களுக்கு முன்னால் நடந்தது. லக்ஸ்மோர் சிகரம் 1,472 மீட்டர். பாதையிலிருந்து பிரிந்து சற்று ஏற வேண்டும். “பத்து நிமிஷம்தான் மாமா.” இதற்குள் எனக்கு அந்த ஊர் நிமிஷமும் தெரிந்திருந்தது. பைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். மனைவி போய்விட்டாள். கடற்கரைக்கு என்று கிளம்பியவள் சிகரத்தில் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன், பையைப் பிடித்துக்கொண்டு.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைப்பவர்கள் இறங்கிப் பார்த்ததில்லை. ஐரிஸ் பர்ன் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை, ரேஷன் கடை வரிசை மாதிரி வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு அடியிலும் கால் பூட்ஸுக்குள் முன்னே சறுக்கி, கட்டைவிரல் போய் முட்டும். அட்டை இல்லாத இடதுகால் இரட்டிப்பாக முட்டியது. இந்த விரல்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐரிஸ் பர்ன் குடிலருகே ஆறு, அருவி, சுற்றிலும் செங்குத்து மலை. சொர்க்கம் என்று உட்கார்ந்தேன். உடனே மணல் ஈக்கள். எள்ளளவு கறுப்புப் பூச்சி. கடித்தால் ஒரு வாரம் சொறியலாம். 1773இல் இந்தப் பக்கம் நங்கூரமிட்ட கேப்டன் குக் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். மாவோரிகளிடம் இதற்கு ஒரு கதை உண்டு. ஃபியார்ட்லாந்து என்ற இந்தப் பகுதியைச் செதுக்கி முடித்ததும் மரணத் தெய்வமான ஹினே-நுய்-தே-போ வந்து பார்த்தாளாம். இவ்வளவு அழகாக இருந்தால் மனிதர்கள் வேலையை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவார்களே என்று கவலைப்பட்டு, மணல் ஈயை அவிழ்த்துவிட்டாளாம். எவ்வளவு சரியான கணிப்பு! நடந்தால் அது அண்டுவதில்லை, நின்றால் மொய்க்கிறது. என்னை அந்தப் பாதை முழுக்க நடத்திக்கொண்டு போனது அந்த ஈதான்.

அன்றிரவு கிவி கூவுவதைக் கேட்கலாம் என்று காவலர் சொன்னார். ஆண் கிவி விசிலடிக்கும். பெண் கிவியின் குரல் கரகரப்பு. எல்லோரும் விழித்திருந்தார்கள். நான் தூங்கிவிட்டேன். நடுராத்திரியில் காட்டிலிருந்து ஓர் ஆண் கிவி வெகுநேரம் உருகி உருகிக் கூவியதாம். “உங்க குறட்டைக்குத்தான்பா பதில் சொல்லிச்சு” என்கிறாள் மகள்.

மூன்றாம் நாள் பதினாறு கிலோமீட்டர், ஆற்றோடு இறங்கும் பீச் காடு. 1984 பெருமழையில் சரிந்த ஒரு மலைப்பக்கத்தைத் தாண்டினோம். நாற்பது வருஷத்தில் அந்த மண்மேட்டில் புதிதாக மரங்கள் வந்திருக்கின்றன. நானும் ஒரு இடத்தில் சரிந்தேன். இரண்டு நிமிஷத்தில் எழுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை இரண்டாவது ஏரி. பெயர் மானபூரி. புளிக்காய்ச்சல் தீர்ந்து பருப்புப் பொடியும் நூடுல்ஸும் தின்றவன் காதில் அந்தப் பெயரின் கடைசி இரண்டெழுத்து மட்டும் விழுந்தது. உருளைக்கிழங்கு மசாலா கண்முன் வந்து போயிற்று. மாவோரி மொழியில் இதன் இன்னொரு பெயர் மோதுராவ், அதாவது தீவுகள் நிறைந்தது. குடிலுக்கும் அந்தப் பெயர்தான். அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க இந்த ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தத் திட்டம் போட்டார்கள். உயர்த்தியிருந்தால் கரையிலிருந்த காடு மூழ்கிப் போயிருக்கும். 1970இல் 2,64,907 பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். 1972 தேர்தலில் இது பெரிய பேச்சாகி, ஆட்சி மாறி, ஏரி தப்பித்தது. மின்நிலையம் ஓடுகிறது, நீர்மட்டம் மட்டும் ஏறவில்லை. கையெழுத்தைச் சரிபார்த்தே கண் போனவன் நான். இரண்டரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து என்றதும் மனமாரக் கைகூப்பினேன்.

நான் கதை கேட்டு முடிப்பதற்குள் மனைவியைக் காணோம். கரையில் மணல் இருந்தது. சிற்றலை வந்து போய்க்கொண்டிருந்தது. ஜமுக்காளத்தை விரித்து, சுடிதாரைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டி, தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு மாங்காய்க்குப் பதில் ஆப்பிளைப் பத்தை போட்டு, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி எல்லோருக்கும் கொடுத்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கியது.

“பீச்சுன்னு சொன்னேன்ல?” என்றாள். மூன்று நாள் சுமந்த இரண்டு கிலோவுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆப்பிள் நன்றாக இருந்தது.

நாலாம் நாள் பதினைந்தரை கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. ஆறாவது கிலோமீட்டரில் ரெயின்போ ரீச் என்ற இடம். ஒரு தொங்கு பாலம்; அதற்கு அந்தப் பக்கம் ஊருக்குப் போகும் வண்டி. நிறையப் பேர் அங்கேயே பாதையை முடித்துக்கொண்டு ஏறிப் போனார்கள். மீதியுள்ள ஒன்பதரை கிலோமீட்டர் ஆற்றோரக் காடுதானே, பார்த்த மரம்தானே என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தார். மகளும் சாய்ந்தாள்.

“ஏங்க, சுத்து முடிக்காம பாதியில வண்டி ஏறுறதா? ஏழு லிங்கம் பார்த்துட்டு எட்டாவது வேண்டாம்னு ஆட்டோ பிடிப்பீங்களா?”

திருவண்ணாமலையில் ஒரு முறை நான் அப்படி ஆட்டோ பிடித்தது அவளுக்குத் தெரியாது. குற்ற உணர்ச்சியில் பேசாமல் நடந்தேன். அந்த ஒன்பதரை கிலோமீட்டரில் அவள் முன்னால், மாப்பிள்ளையும் மகளும் நடுவில், நான் பின்னால், எனக்கும் பின்னால் மணல் ஈக்கள். மாலையில் மதகு தெரிந்தது. நாலு நாளைக்கு முன் விட்ட இடத்திலேயே கார் நின்றது.

காரில் ஏறியதும் மாப்பிள்ளை ஒரு தகவல் சொன்னார். இதே 60 கிலோமீட்டரில் ஆண்டுதோறும் டிசம்பரில் ஓட்டப்பந்தயம் உண்டு. 2005இல் ஃபில் கோஸ்ட்லி என்பவர் நாலு மணி 37 நிமிஷத்தில் ஓடி முடித்தார். இதை அவர் முன்பே சொல்லியிருந்தால் ‘மிதம்’ என்றால் யாருக்கு மிதம் என்று நான் அப்போதே கேட்டிருப்பேன்.

ஊர் திரும்பிய பிறகு கால் கட்டைவிரல் நகம் இரண்டும் நாவல்பழம் போலக் கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, “என்ன சார் செஞ்சீங்க?” என்றார். மிதமாக நடந்தேன் என்றேன். மனைவி வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு நகமும் போகவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு நான் வலிக்கிறது என்று வீட்டில் படுத்துவிட, அவள் பக்கத்து வீட்டுக்காரரோடு கிரிவலம் போய்வந்தாள். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டாளாம்.

கெப்ளர் பாதைக்குப் போகிறவர்கள் அவசியம் போங்கள். பூட்ஸை உள்ளே வையுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் முட்டும்போது நீண்ட நகம்தான் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார்.